கடலூர் புகைப்படக்காரர் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். காலை பத்து மணிக்கு என்று அறிவித்த பொதுக்குழு, போதிய உறுப்பினர்கள் (கோரம்) சேராததால் பதினொன்றே காலுக்குத் தொடங்கியது என்பதைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் இதை வாசிக்கிறேன். சரியான நேரத்துக்கு வந்து காத்திருந்தவர்களுக்கு முதல் நன்றி.

இந்த ஆண்டு காலமான நம் மூத்த உறுப்பினர்கள் இருவருக்கும் சங்கம் அஞ்சலி செலுத்துகிறது. ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தினம் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. ரத்ததான முகாம் நடந்தது. ஆயுதபூஜைக்குச் சங்க அலுவலகத்துக்கு வெள்ளை அடித்தோம். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. கூடியவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, கூடாதவர்கள் பெயரும் அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி நம் மாதாந்திரச் செய்திப் புகைப்படப் போட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. இது தேவையா என்று டீக்கடையில் கேட்கிறார்களே தவிர, கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. அதனால் கேட்காத கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

இந்த யோசனை நான் கண்டுபிடித்ததல்ல. 1946-ல் தொடங்கிய அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு இப்படித்தான் போட்டி நடத்தி வந்தது. அதற்குக் 'கிளிப்' போட்டி என்று பெயர். அந்தந்த மாதம் எடுத்த படத்தை அந்தந்த மாதக் கணக்கில் அனுப்ப வேண்டும், அதற்குப் புள்ளி உண்டு, வருஷக் கடைசியில் புள்ளியைக் கூட்டிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு நல்ல படத்தை வைத்துக்கொண்டு பத்து வருஷம் காலம் தள்ள முடியாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. நம்மில் சிலருக்குப் பிடிக்காததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

நம் சங்கத்தில் பத்திரிகை வேலை செய்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் கல்யாணம், காதுகுத்து, ஸ்டுடியோ. அதனால் போட்டிக்குப் படம் வருவதும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் அடுக்கடுக்காக இருந்தது, படமே வரவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் எல்லோருக்கும் திடீரென்று சமூக அக்கறை பெருகியது. நான் குறை சொல்லவில்லை. பிழைப்பு முக்கியம்.

ஆனால் கல்யாண வேலையில் கை பழகிய ஒரு பழக்கம் இங்கே இடிக்கிறது. "மாலையை இன்னொரு தடவை போடுங்க, இந்தப் பக்கம் பாருங்க, லேசா சிரிங்க" என்று சொல்லிச் சொல்லி எடுப்பது நம் தொழில். செய்திப் படத்தில் அது கூடாது. படத்துக்காக ஏற்பாடு செய்த காட்சி ஏற்கப்படாது, எதையும் சேர்க்கவோ அழிக்கவோ இடம் மாற்றவோ கூடாது, ஓரத்தை வெட்டி கிராப் செய்யலாம், வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், கறுப்பு வெள்ளையாக்கலாம். ஃபியாப் என்னும் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு போன்ற சர்வதேச அமைப்புகளின் செய்திப்படப் பிரிவு விதியின் சாரமும் இதுவே. பொங்கல் மாதப் போட்டிக்கு வந்த ஒரு படத்தில் பானை பொங்குகிறது, பாட்டி அடுப்பை ஊதுகிறார், புகைக்குள் வெயில் கோடு விழுகிறது. அருமையான படம். ஒரிஜினல் ஃபைல்களை வாங்கிப் பார்த்தால் அதே பாட்டி பதினேழு ஃபிரேமில் ஊதிக்கொண்டிருக்கிறார், பின்னால் ஒரு கை வெளிச்சத்தைத் திருப்பும் ரிஃப்ளெக்டர் பிடித்திருக்கிறது. அந்தப் படத்தைப் போட்டியிலிருந்து நீக்கியதால் அந்த உறுப்பினர் மூன்று மாதமாக எனக்கு வணக்கம் சொல்வதில்லை. படத்தை நான் இப்போதும் பாராட்டுகிறேன். அது காலண்டருக்கான படம்.

வானத்தை மாற்றி வைத்த படங்கள் தனி ரகம். நம் ஊர் வெள்ளி கடற்கரையில் இந்த ஆண்டு தெரிந்த மேகங்களில் பாதி ஏதோ மென்பொருளில் பிறந்தவை. "சின்ன விஷயம்தானே, ஓரத்தில் இருந்த ஒரு குப்பைத்தொட்டியைத்தானே எடுத்தேன்" என்று ஒருவர் வாதாடினார். 2010-ல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் பரிசு வாங்கிய ஒருவர், ஓரத்தில் தெரிந்த ஒரு பாதத்தின் துண்டை அழித்ததற்காகப் பரிசை இழந்தார். 2015-ல் அதே போட்டியின் கடைசிக்கு முந்தைய சுற்றில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு படம் இதுபோன்ற கைவேலைக்காக வெளியேற்றப்பட்டது. உலகத் தரத்துப் போட்டியிலேயே இந்த நிலை. நம் செயலாளர் மட்டும் என்ன பெரிய இவனா என்று கேட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓரம் என்றதும் கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு படம் நினைவுக்கு வர வேண்டும். 2004 டிசம்பர் 28, சுனாமிக்கு இரண்டு நாள் கழித்து, ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா நம் ஊரில் எடுத்த படம். ஒரு பெண் மண்ணில் கவிழ்ந்து, கைகளை விரித்து அழுகிறார். இறந்த உறவினரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில். அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது அதற்குத்தான் கிடைத்தது. நம் உறுப்பினர்கள் சிலரிடம் அந்தப் படத்தைக் கொடுத்தால், "ஓரத்தில் ஏதோ கை இடிக்குது" என்று முதலில் அதைத்தான் அழிப்பார்கள். அந்தக் கை இல்லாவிட்டால் அந்தப் பெண் எதற்கு அழுகிறார் என்பதே தெரியாது. நம் ஊர் மண்ணில் எடுத்த படம் உலகத்துக்குப் பாடம். நமக்கு மட்டும் இல்லையா?

டிசம்பர் மாதம் தனியாகச் சொல்ல வேண்டியது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. அந்த நாட்களில் இடுப்பளவு தண்ணீரில் கேமராவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போன உறுப்பினர்களைச் சங்கம் மனமாரப் பாராட்டுகிறது. ஆண்டு முழுவதும் வந்ததை விட அந்த ஒரு மாதத்தில் அதிகப் படம் வந்தது. அதில் பெரும்பகுதி வாட்ஸ்அப்பில் வந்தது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் போய்விடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள் என்று விதிமுறையில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது. விதிமுறையை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்துதான் இரண்டு இடத்தில் எழுதினோம்.

ஒரே படம் இரண்டு பேர் பெயரில் வந்தது. இன்னொருவர் அனுப்பிய வெள்ளப் படத்தைப் பார்த்த நடுவர், "இந்தக் கடைக்கு இப்போது வேறு பெயர் ஆயிற்றே" என்றார். ஃபைலைக் கேட்டோம். 2015 வெள்ளத்தில் எடுத்தது. வெள்ளம் வெள்ளம்தானே என்பது அவர் விளக்கம்.

நல்லதும் நடந்தது. நம் உறுப்பினர் ஒருவர் எடுத்த படம், மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் பால் பாக்கெட் வாங்கும் படம், யார் யாரோ தங்கள் லோகோவை ஒட்டி ஊரெல்லாம் சுற்றியது. ஒரு பத்திரிகையும் பெயர் போடாமல் எடுத்துக்கொண்டது. போட்டிக்காக ஒரிஜினல் ஃபைல் சங்கத்தில் இருந்ததால், தேதி நேரத்தோடு கடிதம் எழுத முடிந்தது. மறுவாரம் பெயரும் போட்டார்கள், சின்னத் தொகையும் கொடுத்தார்கள். போட்டியால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் அவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

படக்குறிப்பு பற்றி ஒரு வேண்டுகோள். "கடலூரில் மழை" என்பது குறிப்பு அல்ல. யார், என்ன செய்கிறார், எந்த இடம், என்று எடுத்தது என்று இரண்டு வரி போதும். குழந்தைகள் பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட வழக்கு என்றால் முகம், பெயர், பள்ளி, தெரு எதுவும் வரக்கூடாது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைக் குற்றமாகவே சொல்கிறது. இதைச் சொல்லி ஒரு படத்தைத் திருப்பி அனுப்பியதற்கு எனக்குக் கிடைத்த பட்டத்தை இங்கே வாசிக்க முடியாது.

நடுவர்கள் மூவரும் வெளி மாவட்டத்தவர்கள். படங்கள் பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டுத்தான் போகின்றன. "செயலாளருக்கு வேண்டியவர் ஜெயிக்கிறார்" என்று பேசுபவர்களுக்கு ஒரு தகவல்: எனக்கு வேண்டியவர்கள் யாரும் இதுவரை படமே அனுப்பவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

கணக்கு விஷயம். வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன. விவரத்தைப் பொருளாளர் தணிக்கை முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய ஆண்டுக் கணக்கு தயாராகி வருகிறது. போட்டியின் நுழைவுக் கட்டணம் ஐம்பது ரூபாய், மாதப் பரிசு ஆயிரம் ரூபாய். இருபது பேர் அனுப்பினால் பரிசுக்குக் கட்டணமே போதும். பல மாதங்களில் அந்த இருபது எட்டவில்லை. பற்றாக்குறை எப்படியோ சரிக்கட்டப்பட்டது. எப்படி என்று கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

ஆண்டுச் சந்தா அறுநூறு ரூபாய். ஒரு நல்ல மெமரி கார்டு அதை விட விலை. உறுப்பினர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இன்னும் கட்டவில்லை, சிலருக்கு மூன்றாண்டு பாக்கி. அடையாள அட்டை வேண்டும், மருத்துவ உதவி வேண்டும், ரேட் குறைத்து அடிப்பவர் மீது சங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றெல்லாம் போன் வருகிறது. சந்தா பேச்சை எடுத்தால், "அண்ணே, மண்டபத்துல இருக்கேன், சத்தம் கேக்கல" என்று கட் ஆகிறது. பெயர்ப் பட்டியலை ஒட்டலாம் என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். பட்டியலில் அவர் பெயரும் இருந்ததால் அப்படியே விட்டுவிட்டோம். அப்புறம், சங்கத்தின் புரொஜக்டரைப் போன ஐப்பசியில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு எடுத்துப் போனவர் திருப்பித் தந்தால் நல்லது. யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கூட்டத்துக்கு இடம் தந்த மண்டப உரிமையாளருக்கும், பரிசுப் படங்களைக் குறைந்த விலையில் பிரிண்ட் போட்டுத் தந்த லேப் நண்பருக்கும், பயணப்படிகூட வாங்காத நடுவர்களுக்கும், ஒத்துழைத்த தலைவருக்கும் பொருளாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டு போட்டியில் நான்கைந்து படங்கள் சேர்ந்த படக்கதைப் பிரிவு ஒன்றைச் சேர்க்க எண்ணம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடலுக்குச் சாமிகள் வரும் நாளில் ஒரே படத்தில் அடங்காத விஷயம் எத்தனையோ இருக்கிறது. முந்திரித் தோப்பு, பழைய துறைமுகம், நெய்வேலிச் சுரங்கத்து ஊர்கள் எல்லாம் யாராவது வந்து எடுக்கட்டும் என்றுதான் கிடக்கின்றன. ஆனால் இதை ஒரே ஆள் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. படங்களை வாங்கிப் பதிவு செய்ய இரண்டு இளைஞர்கள், கட்டணம் வசூலிக்க ஒருவர், இவ்வளவு போதும். யாரும் வரவில்லை என்றால் போட்டியை நிறுத்துவதா, செயலாளரை மாற்றுவதா என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யலாம். இரண்டுக்கும் நான் தயார். பதிவேடுகளும் அலமாரிச் சாவியும் தயாராக மேசை மீது இருக்கின்றன. இதுவரை அதைக் கேட்டு யாரும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதப் போட்டிக்குக் கடைசி நாள் முப்பதாம் தேதி. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுப் பந்தியும் அந்த வழியாகத்தான்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்