சபைப் பதிவேடுகளைக் கறையானுக்கு விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி பற்றியெல்லாம் உங்கள் பத்திரிகையில் ஆர்வமாகப் படித்து வருகிறேன். அந்த வரிசையில் வைத்துப் பேச வேண்டிய இன்னொன்று உண்டு. மதுரை வட்டாரத்தில் அமெரிக்கன் மிஷன் காலத்தில் உண்டான பழைய கிறிஸ்தவ சபைகளின் பதிவேடுகளைச் சொல்கிறேன். ஞானஸ்நானப் பதிவேடு, உறுப்பினர் பதிவேடு, கல்யாணம், அடக்கம், அப்புறம் சபைக் கூட்டங்களில் என்ன பேசி என்ன முடிவெடுத்தார்கள் என்று எழுதி வைத்த நோட்டுகள். இவை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன, நான் கண்ணால் பார்த்தேன்.

என் அப்பாவின் பாட்டி எந்த ஊரில் பிறந்தவர் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போனவரில்லை, நிலம் இல்லை, அதனால் பட்டா சிட்டா எதிலும் பெயர் கிடையாது. அவர் இருந்தார் என்பதற்குச் சபைப் பதிவேடு ஒன்றுதான் சாட்சி. அதைத் தேடித் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். வரவேற்பில் குறையில்லை, காபி கொடுத்து உட்காரவைத்தார்கள். பீரோவைத் திறந்தால் 1920களுக்கு அப்புறம் உள்ள இரண்டு நோட்டுகள் மட்டும் இருந்தன, அதிலும் ஒன்றின் கீழ்ப்பாதியைக் கறையான் தின்றிருந்தது. அதற்கு முந்தையவை எங்கே என்று கேட்டேன். ஆலயத்துக்கு வெள்ளையடித்தபோது பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விட்டதாம். சொன்னவர் ஒரு பெரியவர், சொல்லும்போது அவருக்கே தொண்டை அடைத்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இந்த நோட்டுகள் ஏன் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மதுரை மிஷனை 1834இல் தொடங்கியவர்கள் பாஸ்டனிலிருந்து மிஷனரிகளை அனுப்பின அமெரிக்கன் போர்டு என்ற சங்கத்தைச் சேர்ந்தவர்கள். 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேலை செய்தவர்கள்தான் கடல் தாண்டி இங்கே வந்தார்கள். லெவி ஸ்பால்டிங் முதலில் வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போனார், அதே வருஷம் ஹாய்சிங்டன், டாட் இருவரும் வந்து தங்கினார்கள். இவர்களில் பெரும்பாலோர் காங்கிரிகேஷனல் சபைக்காரர்கள். அவர்கள் வழக்கத்தில் பேராயர் கிடையாது. ஒரு சபை என்பது அந்த ஊரில் உடன்படிக்கை செய்து கூடின ஆட்கள்தான், யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்பதை எல்லாம் அந்தச் சபையே கூடி முடிவு செய்யும். அப்படி முடிவு செய்கிற சபை அதை எழுதியும் வைக்கும். வேறு ஊருக்குக் குடிபோகிறவர் இங்கிருந்து ஒரு சாட்சிக் கடிதம் வாங்கிக்கொண்டு போய் அங்கே கொடுத்துச் சேர வேண்டும், அதுவும் நோட்டில் ஏறும். மேலே ஓர் அலுவலகத்தில் எல்லாம் மொத்தமாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

மிஷனரிகள் எழுதின கடிதங்களுக்கு ஆபத்தில்லை. அமெரிக்கன் போர்டின் காகிதங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் பெட்டி பெட்டியாகப் பத்திரமாக இருக்கின்றன. பாஸ்டனில் காங்கிரிகேஷனல் நூலகம் என்றே ஒன்று 1853 முதல் இருக்கிறது, நியூ இங்கிலாந்தின் சின்னச் சின்ன ஊர்ச் சபைகளின் 1600களைச் சேர்ந்த நோட்டுகளைக்கூடத் தேடி எடுத்துப் படம்பிடித்து எல்லோரும் பார்க்க இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்ச் சபையும் அதே வழியில் வந்ததுதான். ஆனால் பாஸ்டனுக்குப் போன கடிதத்தில் நம்மைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதுதான் இருக்கும். நம் ஆட்களின் பெயர், பழைய பெயரும் ஞானஸ்நானப் பெயரும், அப்பா பெயர், ஊர், யார் கண்டிச் சீமைக்குப் போனார், யார் திரும்பி வரவில்லை, இதெல்லாம் இங்கே உள்ள நோட்டில்தான்.

1847இல் மதுரை மிஷனில் பெரிய கலகம் நடந்தது. சாதியை விட்டுவிட்டதற்கு அடையாளமாக எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று மிஷன் கேட்டது. பலர் மாட்டேன் என்றார்கள், உபதேசியார்களே மறுத்தார்கள், விலக்கப்பட்டார்கள். மிஷன் அறிக்கைகளில் இதை ஒரு தீர்மானமாகப் படிக்கலாம். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் யார் உட்கார்ந்து சாப்பிட்டார், யார் எழுந்து போனார், போனவர் எத்தனை வருஷம் கழித்து மனம் மாறித் திரும்பி வந்தார்? இதற்குப் பதில் கிடைக்குமானால் அந்தக் காலத்துச் சபைக் குறிப்புகளில்தான் கிடைக்கும். சாதி எழுதியிருக்கிறது, வெளியே தெரிந்தால் சங்கடம் என்று இந்தப் பக்கங்களை மறைக்க நினைக்கிறவர்கள் உண்டு, என்னிடமே ஒருவர் சொன்னார். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சாதியை எதிர்த்து நம் ஊரில் சாப்பாட்டுப் பந்தியில் நடந்த போராட்டம் அது, உட்கார்ந்து சாப்பிட்ட ஏழை மனிதரின் பெயரை அழிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை. பசுமலையில் 1845 முதல் நடந்த செமினரியும் பள்ளிகளும், 1881இல் மிஷனரி வாஷ்பர்ன் தொடங்கி இன்று அமெரிக்கன் கல்லூரியாக இருக்கிற படிப்பும் எத்தனை எத்தனை குடும்பங்களை மாற்றின. தமிழ்ப் பேரகராதி வேலையை 1913இல் தலைமை ஏற்றுத் தொடங்கிய ஜே. எஸ். சாண்ட்லர் இதே மதுரை மிஷன் ஆள். கிறிஸ்தவக் கீர்த்தனைகளை 1853இல் தொகுத்துப் புத்தகமாக்கிச் சபைகளில் பாட வைத்த எட்வர்ட் வெப்பும் அப்படியே. அந்தக் கீர்த்தனைகளை முதலில் வாய்திறந்து பாடினவர்கள் யார் என்றால் இந்த நோட்டுகளில் பெயர் உள்ளவர்கள்தான்.

1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை என்று அமைப்பு மாறிக்கொண்டே வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய பீரோ யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அத்தனை வருஷம் போர் நடந்த மண். அங்கேயே பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு புரொட்டஸ்டன்ட் சபை ஆவணங்களைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

பெரிய திட்டம் வரட்டும், வந்தால் நல்லது. அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். வாலிபர் சங்கத்தில் இரண்டு பேர், ஒரு நல்ல செல்போன், ஜன்னல் ஓரம் ஒரு மேசை, ஒரு சனிக்கிழமை போதும். நோட்டை அமுக்கி விரிக்கக் கூடாது, கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது, அது வருஷம் போகப் போகக் காகிதத்தைப் பழுப்பாக்கித் தின்றுவிடும். அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கத்தையும் சேர்த்து வரிசையாகப் படம் எடுங்கள். ஒரு பிரதி சபையில், ஒன்று பேராயத்தில், ஒன்று பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகம் மாதிரி ஓரிடத்தில் இருக்கட்டும். மூல நோட்டு சபையிலேயே இருக்கட்டும், ஆனால் தரையில் வேண்டாம், சுவரை ஒட்டியும் வேண்டாம். உயிரோடு இருப்பவர்களின் விவரம் வெளியே போகுமே என்ற பயம் நியாயமானது, அதனால் நூறு வருஷத்துக்கு முந்தைய பக்கங்களை மட்டும் பொதுவில் வைத்தால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதற்காகவாவது இந்தக் கடிதத்தைப் பிரசுரியுங்கள். திருமங்கலம், மதுரைப் பக்கம் பழைய பேப்பர் கடை வைத்திருப்பவர்களே, பழைய புத்தகம் சேர்ப்பவர்களே, கையால் கோடு போட்டு வரிசையாகப் பெயர்கள் எழுதின நீளமான நோட்டு எதுவும் உங்களிடம் வந்திருந்தால் கிழித்துப் பொட்டலம் கட்டிவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள எந்த ஆலயத்திலாவது கொடுங்கள், எடைக்குப் பணம் வேண்டுமென்றால் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை