அந்த வாரமே தூக்கு என்றால் கம்மாபுரம் வழக்கு என்னவாகியிருக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகளைக் கொல்பவர்களுக்குக் கருணை மனுவே கூடாது, தீர்ப்பு வந்த வாரமே தூக்கில் போட வேண்டும் என்று விருத்தாசலம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த வழக்கு ஒன்றை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

2009இல் கம்மாபுரம் காவல் நிலைய எல்லையில் ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். மறு ஆண்டே கடலூர் நீதிமன்றம் ஓர் இளைஞனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும். குற்றவாளி அவன்தான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை, எனக்கும் இல்லை. அந்தப் பெற்றோருக்கு ஆறுதலாக என்னிடம் ஒரு வார்த்தையும் கிடையாது.

ஆனால் 2023 மார்ச் 21 அன்று அதே உச்ச நீதிமன்றம் மறுஆய்வில் அந்தத் தூக்கை ரத்து செய்துவிட்டுச் சொன்னதைப் படியுங்கள். எந்தக் கட்டத்திலும் எந்த நீதிமன்றமும் அந்த இளைஞனின் பின்னணியை விசாரிக்கவே இல்லை. குடும்பத்தின் ஒரே ஆண் வாரிசைக் கொன்றான் என்பதைத் தூக்குக்கு ஒரு காரணமாக முந்தைய தீர்ப்பு எழுதியது தவறு. (எனக்கு இரண்டும் பெண்கள். அவர்களுடைய உயிருக்கு எடை குறைவா?) சிறையில் அவன் நடந்துகொண்ட விதம் பற்றிய தகவலை மறைத்துப் பிரமாணப் பத்திரம் தாக்கலானதற்காகக் காவல் ஆய்வாளருக்கு அவமதிப்பு நோட்டீஸ். தப்பிக்க முயன்றதும் அவன்தான், உள்ளேயே உணவுத் தயாரிப்பில் பட்டயம் பெற்றதும் அவன்தான். இரண்டும் அல்லவா நீதிபதி முன் வர வேண்டும்?

கடலூர் நீதிமன்றங்களில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். பிரமாணப் பத்திரம் தயாராகும் அழகு எனக்குத் தெரியும். பழைய கட்டிலிருந்து ஒன்றை உருவி, பெயரையும் தேதியையும் மாற்றிக் கையெழுத்துக்கு நீட்டுவோம். வாய்தா வாங்க அது போதும். ஒருவனைத் தூக்கில் போட அப்படிப்பட்ட காகிதம் போதுமா?

இது ஏதோ ஒரு வழக்கில் நேர்ந்த பிசகு அல்ல. தவறான முன்தீர்ப்பை நம்பிச் சிலருக்குத் தூக்கு விதித்துவிட்டதாக 2009இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அதற்குள் ராஜஸ்தானில் இருவரைத் தூக்கிலிட்டு முடித்திருந்தார்கள். மற்றவர்களையாவது காப்பாற்றுங்கள் என்று 2012இல் ஓய்வு பெற்ற நீதிபதிகள் 14 பேர் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள்.

கருணை மனுவை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டது போன்ற காரணங்களுக்காக 2014 ஜனவரியில் 15 பேருக்கும், பிப்ரவரியில் ராஜீவ் வழக்கின் மூவருக்கும் தூக்கு ரத்தானதே, அதுவும் நீதிமன்றம் தலையிட்டதால்தான். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472ஆம் பிரிவோ, கருணை மனு மீதான முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது என்கிறது. நம் மாவட்டத்து எம்.பி.க்கள் இதை மக்களவையில் எழுப்ப வேண்டும்.

குடியரசுத் தலைவர் முன் இன்று காத்திருக்கும் தூக்குக் கைதி எவராக இருந்தாலும், அவருடைய தண்டனையை ஆயுளாகக் குறைக்க வேண்டுகிறேன். வெளியே விட்டுவிடுவார்களே என்று விருத்தாசலம் வாசகர் அஞ்ச வேண்டியதில்லை. கம்மாபுரம் வழக்கில் தூக்குக்குப் பதில் கிடைத்தது, குறைந்தது 20 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுள் சிறை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா,
மஞ்சக்குப்பம், கடலூர்.