நாமா, நாங்களா?

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. வலக்கண்ணில் கண்புரை எடுத்த பிறகு புத்தகத்தையும் பேனாவையும் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. அதனால்தான் இந்தத் தாமதம்.

உங்கள் வாசகர் வட்டத்தில் ஆர்வெலின் '1984' நாவலைப் பற்றி மாலை முழுவதும் பேசியவர்களில் ஒருவர்கூட, அதற்கு முன்பே அதேபோல் எல்லாரையும் கண்காணிக்கும் அரசைப் பற்றி எழுதிய ரஷ்ய எழுத்தாளர் சமியாத்தினின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்று வருந்தியிருந்தாய். தரம்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. 1920–21இல் எழுதப்பட்ட அவருடைய ரஷ்ய நாவல் (ஆங்கிலத்தில் 'We') முதலில் வெளிவந்தது நியூயார்க்கில், அதுவும் 1924இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக. ரஷ்ய மூலம் முழுமையாக நூலானது 1952இல், மறுபடியும் நியூயார்க்கில்தான்; சோவியத் நாட்டில் அச்சேறியபோது 1988 ஆகிவிட்டது. ஸ்டாலினுக்கே கடிதம் எழுதி 1931இல் அனுமதி பெற்று வெளியேறிய ஆசிரியர், 1937இல் பாரிஸில் காலமானார். தாய்மொழி வாசகர்களையே சென்றடையாத ஒரு நாவலைப் பற்றி யார் யாரிடம் பேசியிருக்க முடியும்? ஆர்வெல் அதைப் பிரெஞ்சில் படித்து, 1946 ஜனவரியில் 'டிரிபியூன்' இதழில் மதிப்புரை எழுதினார்.

ஆர்வெலின் '1984' வெளிவந்த 1949 ஜூன் மாதத்தைக் கவனி. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ உருவாகியிருந்தது. இரண்டு மாதங்களுக்குப் பின் சோவியத் தன் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. பனிப்போருக்கு ஒரு நாவல் தேவைப்பட்ட வேளையில் அது கைக்குக் கிடைத்தது.

ஆனால் பனிப்போர் முடிந்த பிறகும் பேச்சு ஓயவில்லையே என்று நீ மடக்குவாய். அங்கேதான் சொற்கள் வருகின்றன. '1984'இல் எல்லாரையும் கண்காணிக்கும் தலைவரான 'பிக் பிரதர்' என்ற பெயரை 1999இல் நெதர்லாந்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வைத்தார்கள். அதன் வழித்தோன்றல் 'பிக் பாஸ்' என்று 2017இல் தமிழுக்கும் வந்து, என் மருமகள் இரவு ஒன்பதரைக்கு யாரையும் பேசவிடுவதில்லை. அந்த வீட்டுச் சுவர்களில் இருக்கும் கேமராக்களுக்குப் பின்னால் ஆர்வெல் நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. படிக்காதவர்களும் எடுத்துப் புழங்கும் சொல்லை விட்டுச்செல்லும் நாவலுக்குச் சாவு கிடையாது. 'பிரேவ் நியூ வேர்ல்ட்' எழுதிய ஹக்ஸ்லியும், மக்களை மகிழ்ச்சியிலேயே வைத்திருக்கும் மருந்துக்கு 'சோமா' என்ற பெயரைக் கொடுத்தார். நம் ஊரில் அதைச் சொன்னால் வேதத்தைத்தான் நினைப்பார்கள்.

சமியாத்தினிடம் அப்படி எடுத்துச்செல்ல எதுவும் இல்லை. குறிப்புகளாக அந்த நாவலைச் சொல்லிச்செல்லும் நாயகனின் பெயரே டி-503. எல்லாரும் கண்ணாடிச் சுவர் வீடுகளில் வாழ்கிறார்கள். இளஞ்சிவப்புச் சீட்டைக் காட்டினால்தான் திரையை இறக்கிக்கொண்டு காதலியுடன் சிறிது நேரம் இருக்கலாம். அந்தச் சீட்டு எனக்கு மறக்கவே இல்லை. ஆனால் அதை ஒரே சொல்லாகச் சுருட்டி மேடையில் எதிராளிமீது வீச முடியுமா, சொல்.

எனக்கு இன்னும் பெரிய ஆதங்கம், ஸ்வீடன் நாட்டுக் கவிஞர் காரின் போயெ 1940இல் எழுதிய 'கல்லோகெயின்' பற்றியது. உண்மையைக் கக்கவைக்கும் மருந்தைக் கண்டுபிடிக்கும் வேதியியலாளன் லியோ கால், சந்தேகம் தாங்காமல் அதைத் தன் மனைவிக்கே ஊசியில் ஏற்றிவிடுகிறான். அரசின் கண்ணும் காதும் ஏற்கெனவே பொருத்தப்பட்ட படுக்கையறையில், அரசு செய்யும் வேலையைக் கணவன் செய்கிறான். ஆர்வெலிடம் இந்த அளவுக்கு நெருங்கிய பயம் எனக்குக் கிடைத்ததில்லை. இது ஆங்கிலத்துக்கு வர 1966 ஆயிற்று. அதற்குள் வாசகர்கள் தங்களுக்கு வேண்டிய நாவல்களைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு சமியாத்தினின் முதல் குறிப்பை மட்டும் தமிழாக்கி அனுப்புகிறேன். தலைப்பில்தான் சிக்கல். ரஷ்ய மொழியில் ஒரே சொல். தமிழில் 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா? தனிமனிதனையே கரைத்துவிட்ட அரசுக்கு 'நாம்' பொருந்தும் என்றுதான் முதலில் எழுதினேன். ஆனால் டி-503 அந்தக் குறிப்புகளை எழுதுவது வேற்றுக் கிரகத்தவர்களுக்காக, இன்னும் அந்த அரசுக்குள் வராதவர்களுக்காக. அதனால் அடித்துவிட்டு 'நாங்கள்' என்று போட்டிருக்கிறேன். உனக்கு எது சரியென்று படுகிறது?

அன்புடன்,
ராகவன்