விடிய விடிய ஒரு அரிச்சந்திரா வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வலிகாமத்தில் ஒரு கோயிலின் பூங்காவனத் திருவிழாவுக்கு அண்மையில் போயிருந்தேன். திருவிழா அறிவித்தலில் ‘அரிச்சந்திர மயான காண்டம் – இசை நாடகம்’ என்று அச்சிட்டிருந்தபடியால், சாமி இருப்புக்கு வந்த கையோடு முதியவர்கள் பலர் பாயும் சால்வையுமாக வீதியில் இடம்பிடித்துவிட்டார்கள். பத்தே முக்காலுக்குத் திரை விலகியது. பதினொன்றரைக்கு மங்களம் பாடி முடித்துவிட்டார்கள். மேடையில் ஆர்மோனியம் இருந்தது. ஆனால் பாட்டுகளில் பாதி முன்பே பதிவுசெய்யப்பட்டு ஒலிபெருக்கியில் வந்தது, நடிகர்கள் வாயசைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் பாயைச் சுருட்டிக்கொண்டே, “தம்பி, சந்திரமதி இன்னும் அழவே தொடங்கேல்லை, அதுக்குள்ள முடிச்சுப்போட்டாங்கள்” என்றார். நடித்த பிள்ளைகளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்களுக்குக் கிடைத்த நேரம் முக்கால் மணித்தியாலம். அதற்குள் அவர்கள் வேறென்ன செய்ய முடியும்?

அன்றிரவு வீடு திரும்பும்போது நாங்கள் நாலைந்து பேர் பேசிக்கொண்டதை, இசை நாடக இரசிகர்கள் பலருடைய விருப்பமாகவும் இருக்கும் என்ற நம்பிக்கையில், தங்கள் பத்திரிகை மூலம் பொதுவில் வைக்கிறேன். அரிச்சந்திரா நாடகம் முழுமையாக, ஒரு தடவையாவது, இரவு தொடங்கி விடியும்வரை, பதிவுசெய்த குரலின் துணை இல்லாமல், அதற்குரிய சுருதியில் யாழ்ப்பாணத்தில் மீண்டும் மேடையேற வேண்டும்.

அந்த நாடகத்தின் சுடலைக் காட்சியான மயான காண்டம் வழக்கொழிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். இன்றும் கோயில்களிலும் கலைவிழாக்களிலும் அதை ஆடுகிறார்கள். பழைய கலைஞர்களிடம் நேரே பயின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். காங்கேசன்துறையின் வசந்த கான சபா என்ற நாடகக் குழுவையும் நடிகமணி வி. வி. வைரமுத்துவையும் அறியாத வீடு ஒரு காலத்தில் குடாநாட்டில் இருந்ததில்லை. 1924 இல் பிறந்து 1989 இல் மறைந்த அவர், மயான காண்டத்தை 3000 தடவைகளுக்கு மேல் மேடையேற்றினார் என்பது ஈழத்து அரங்க வரலாற்றில் பதிவான செய்தி. ஓர் இரவு நாடகத்தின் ஒரு பகுதியைத் தனி நாடகமாகவே நிமிர்ந்து நிற்கவைத்தது அவருடைய குரலின் வலிமை. ஆனால் அந்த வெற்றியின் நிழலில் நாடகத்தின் மிகுதிப் பகுதி எங்கள் கண்ணிலிருந்து மெல்ல மறைந்துபோனது. மயான காண்டமும் பின்னர் இரண்டு மணித்தியாலமாகி, ஒன்றாகி, இப்போது முக்கால் மணியில் வந்து நிற்கிறது.

முழு நாடகத்தை ஏன் கேட்கிறோம் என்பதைச் சொல்லவேண்டும். விசுவாமித்திரருக்கு நாட்டைக் கொடுத்துவிட்டு அயோத்தியிலிருந்து வெறுங்கையோடு புறப்படுகிற அரசனைப் பார்க்காமல், கடனைத் தண்ட வருகிற நட்சத்திர ஐயர் வழி நெடுகிலும் கொடுக்கிற கரைச்சலுக்குச் சிரிக்காமல், காசி வீதியில் மனைவியையும் மகனையும் காலகண்ட ஐயருக்கு விற்றுவிட்டுத் தன்னையும் விற்பதற்கு அவன் ஆள் தேடி நிற்பதைக் காணாமல், நேரே சுடலைக்குள் கொண்டுபோய் விட்டால் பார்ப்பவருக்கு அது வெறும் ஒப்பாரியாகவே படும். பாம்பு தீண்டிய லோகிதாசனைச் சுமந்துகொண்டு சந்திரமதி வரும்போது, அந்தப் பிள்ளை முன்னிரவில் எங்கள் முன்னால் பாடி ஆடித் திரிந்த பிள்ளையாக இருக்கவேண்டும். பிணம் சுடும் கூலியாக வாய்க்கரிசியும் முழத்துண்டும் கால்பணமும் தா என்று அரிச்சந்திரன் கேட்பதன் கொடுமை, அவன் எதையெல்லாம் கொடுத்துவிட்டு அங்கே வந்து நிற்கிறான் என்று அறிந்தவர்களுக்குத்தான் முழுதாக உறைக்கும்.

எழுபதுகளில், நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் ஊர்க் கோயில் வீதியில் பார்த்த ஒரு மயான காண்டம் இன்றும் என் காதில் இருக்கிறது. நேரம் மூன்று மணிக்கு மேல் இருக்கும். அம்மாவின் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்த என்னை அவர் தட்டி எழுப்பினார். அந்தக் கட்டத்துக்குப் பிள்ளைகளை எழுப்பிவிடுவது அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். அரிச்சந்திரன் கையில் தடியோடு நின்று விருத்தம் பாடிக்கொண்டிருந்தான். விருத்தத்துக்குத் தாளக்கட்டு இல்லை. மிருதங்கக்காரர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நடிகரின் முகத்தையே பார்த்தபடி இருந்தார். பாட்டு மேலே ஏறஏற, ஆர்மோனியக்காரர் ஒவ்வொரு விரலாகக் கட்டையிலிருந்து எடுத்து, கடைசியில் துருத்தியையும் நிறுத்திவிட்டார். சனம் நிறைந்த வீதியில் அந்தக் குரல் மாத்திரம் நின்றது. நெடுநேரத்துக்குப் பிறகு பாட்டு இறங்கி முடிகிற இடத்தில் ஆர்மோனியக்காரர் ஒரே ஒரு கட்டையைத் தொட்டார். குரலும் கட்டையும் ஒன்றாகவே ஒலித்தன, மயிரிழையும் விலகவில்லை. ஆர்மோனியக்காரர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், வீதி முழுக்க ஓர் ஆரவாரம். சங்கீதம் என்றால் என்னவென்று எனக்கு முதன்முதலில் விளங்கியது அந்த இடத்தில்தான்; பின்னாளில் நான் சங்கீத ஆசிரியரானதற்கும் அந்த இரவுதான் காரணம்.

இது இலகுவான நாடகம் அல்ல, அதையும் மறைக்கவேண்டியதில்லை. ஒலிவாங்கி இல்லாத காலத்தில் கடைசிப் பாயில் இருப்பவருக்கும் கேட்கவேண்டும் என்பதற்காக, இசை நாடகக்காரர்கள் ஐந்து கட்டையை எட்டும் சுருதியில் இரவு முழுவதும் பாடினார்கள். (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடக் குரல் மேலே ஏறும்.) இன்று கச்சேரி பாடும் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் பாடுகிறவர்கள். அன்று பெண் வேடத்தையும் பெரும்பாலும் ஆண்களே ஏற்றதால், அரிச்சந்திரனும் சந்திரமதியும் ஒரே உச்சச் சுருதியில் நின்று தர்க்கப் பாடல்களில் அடிக்கு அடி மறுமொழி சொல்ல முடிந்தது. இப்போது சந்திரமதியைப் பெண்களே பாடுவது இயல்பு, நல்லதும்கூட. பெண்குரலுக்கு ஐந்து கட்டை வசதியான இடந்தான். அப்படியானால் அரிச்சந்திரன் ஏறித்தான் ஆகவேண்டும். சுருதியை இறக்கினால் சந்திரமதியின் குரல் அடங்கிப்போகும், ஏற்றினால் பழக்கமில்லாத ஆண்குரல் அரை மணித்தியாலத்தில் கம்மிவிடும். பதிவுசெய்த பாட்டைத் தேடிப் போவதற்கு உண்மையான காரணம் சோம்பல் அல்ல, இந்தச் சிக்கல்தான் என்று நான் நினைக்கிறேன். ஒரு வருடமாவது ஆறுதலாகச் சாதகம் பண்ணிக் குரலைப் படிப்படியாக ஏற்றுவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது. திருவிழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் ஒத்திகை தொடங்கினால் நாற்பத்தைந்து நிமிட நாடகந்தான் கிடைக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் நேர்மையானதாக இராது. அரசன் சுடலை காக்கிற வீரவாகுவுக்கு அடிமையாவதை இழிவின் எல்லையாகவே பழைய பாட்டுகள் பாடுகின்றன. சாதிப் பெயர்கள் அவற்றில் கூசாமல் வருகின்றன. அதே பாட்டுகளைப் பாடி எங்களை அழவைத்த கலைஞர்களில் பலர், சாதியின் பெயரால் எங்கள் சமூகம் ஒதுக்கிவைத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். மேடையில் இராசாவாகக் கும்பிடப்பட்டவரை விடிந்ததும் படலைக்கு வெளியே நிற்கவைத்த ஊர்கள் எங்களுடையவை. மீண்டும் மேடையேற்றும்போது அந்த வரிகளைச் சத்தமில்லாமல் வெட்டிவிடுவதும் சரியல்ல, ஒன்றும் நடவாததுபோல் அப்படியே பாடுவதும் சரியல்ல. எந்த வரியை வைப்பது, எதை மாற்றுவது என்பதை அந்தக் கலைக் குடும்பங்களின் வழிவந்தவர்களே முன்னின்று தீர்மானிக்கவேண்டும். நாடகம் தொடங்குமுன் அவர்களில் ஒருவர் சபைக்கு அதைச் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

இந்தக் கலை தானாக மெலியவில்லை என்பதை இளையவர்கள் அறியவேண்டும். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது காங்கேசன்துறைச் சுற்றாடலின் கலைக் குடும்பங்களும் திசைக்கொன்றாகப் போயின. 1995 இடப்பெயர்வு மிஞ்சியிருந்தவற்றையும் கலைத்தது. ஊரடங்குச் சட்டம் இருந்த ஊரில் விடிய விடிய நாடகம் எப்படி நடக்கும்? சீன் திரைகள், உடுப்புப் பெட்டிகள், பாட்டுக் கொப்பிகள் எத்தனை அழிந்தன என்பதற்குக் கணக்கே இல்லை. இப்போது இரவு எங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த இரவைத் திருவிழாக்களில் மின்விளக்கு அலங்காரமும் இசைக்குழுவும் நிரப்பிவிட்டன.

என் பேர்த்தி உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிக்கிறாள். இசை நாடகத்தின் பண்புகளை வரிசையாகச் சொல்லுவாள். ஒரு முழு இசை நாடகத்தையும் அவள் பார்த்ததில்லை. அவளுடைய வகுப்பில் எவருமே பார்த்ததில்லையாம். தோசை சுடும் முறையைப் பாடமாக்கி எழுதிவிட்டுப் பசியோடு எழும்புவதுபோல் அல்லவா இது?

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். மருதனார்மடத்தில் இசை பயிலும் பல்கலைக்கழக மாணவர்களையும், கோயில்களில் இன்றும் மயான காண்டம் ஆடிவரும் கலைஞர்களையும் ஒரே ஒத்திகைக் கொட்டகையில் இருத்த எவராவது முன்வரவேண்டும். பல்கலைக்கழகமோ, மாகாணத்தின் கலாசாரத் திணைக்களமோ, ஊர்ச் சனசமூக நிலையமோ யாராக இருந்தாலும் சரி. இடம் பற்றிக் கேட்டால், பொதுநூலகத்துக்கு அருகே இந்திய அரசின் உதவியுடன் கட்டப்பட்ட கலாசார மண்டபம் குளிரூட்டி வசதியோடு இருப்பதை அறிவோம். ஆனால் இந்த நாடகத்துக்கு மண்டபம் ஏற்றதென்று எனக்குத் தோன்றவில்லை. இருக்கையில் சாய்ந்துகொண்டு பார்ப்பதற்கு ஆக்கப்பட்டதல்ல இது. காங்கேசன்துறைப் பக்கத்தில், மீளக் குடியேறிய ஏதாவதொரு ஊரின் கோயில் வீதி போதும். பாயை நாங்கள் கொண்டுவருவோம். நுழைவுச்சீட்டு வைத்தாலும் வாங்குவோம், வைக்காவிட்டால் தட்டில் போடுவோம். இடையில் இஞ்சிக் கோப்பி கொடுப்பதற்கு எங்கள் ஊர்ப் பெண்கள் இப்போதே தயார்.

என்னிடம் இரண்டு ஒலிநாடாக்கள் இருக்கின்றன. இடப்பெயர்வுகளில் பலதையும் விட்டுவிட்டு வந்தபோதும் என் மனைவி அவற்றைச் சேலைப் பெட்டிக்குள் வைத்துத் தூக்கிவந்தார். ஒன்று ஓடும்போது இடையிடையே இழுக்கிறது, மற்றது தெளிவாக இருக்கிறது. காலமான ஆர்மோனியக்காரர் ஒருவருடைய வீட்டார் எனக்குத் தந்த பாட்டுக் கொப்பியில் காசிக் காட்சியின் பாட்டுகள் பெரும்பாலும் இருக்கின்றன. சில பக்கங்களில் சுருதிக் குறிப்பும் பென்சிலால் எழுதியிருக்கிறது. இந்த வேலையைப் பொறுப்பெடுக்க வருபவர்கள் தங்கள் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால், இம்மூன்றையும் நானே கொண்டுவந்து அவர்கள் கையில் கொடுப்பேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர் ஒருவர்,
தெல்லிப்பழை.