பாப்பாவின் ஒரு மா

மன்னார்குடி,
5.2.2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். படித்துவிட்டு மருமகளிடமும் கொடு.

போன ஞாயிற்றுக்கிழமை துபாயிலிருந்து, "பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவு, கூடவே நீட் பயிற்சி, முடிவு செய்தாயிற்று" என்றாய். உன் மகள் பாப்பா எதிர்த்துப் பேசவில்லை. போனை மாடத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். அந்த நடையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். உன் 16 வயதில், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா பாலிடெக்னிக் படிவத்தை நிரப்பிய அன்று நீயும் அப்படித்தான் போனாய். நான் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் கம்பெனி மாறுவதற்குக்கூட நீ என்னைக் கேட்டுத் தவிக்கும்போது, அதில் என் பங்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அதனால்தான் சென்ற ஜூனில் வாய்க்கால் ஓரத்து ஒரு மா நிலத்தை, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு வருமே, அதைப் பாப்பாவிடம் விட்டேன். என்ன பயிர், எப்போது, எவ்வளவு செலவு எல்லாம் அவள் முடிவு. பணம் என்னுடையது, அறுத்தபின் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு மா போனால் வீடு தாங்கும். இருபது மா கொண்ட ஒரு வேலி நிலத்தை 15 வயதுப் பிள்ளையிடம் கொடுத்திருக்க மாட்டேன். ஸ்கூட்டர் கேட்டாள், 18 ஆகட்டும் என்று முடித்துவிட்டேன். உயிரோடு விளையாடுகிற காரியத்தில் அவளிடம் யோசனை கேட்பதற்கில்லை.

வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கவில்லை. பக்கத்து வயல்காரர் மோட்டார் தண்ணீரில் குறுகிய காலக் குறுவை நெல் போட்டார். இவள் அவரிடம் மணிக்கு எவ்வளவு என்று விசாரித்து, நோட்டில் கூட்டிப் பார்த்து, "கட்டாது அப்பாயி, சம்பாவே போதும்" என்றாள். அணை ஜூலை 28-ல்தான் திறந்தது. சி.ஆர். 1009 போடலாம் என்றாள். அது 155 நாளுக்குக் குறையாத நெல். பொங்கலை ஒட்டி அறுக்க வேண்டுமென்று காலண்டரில் பின்னோக்கி எண்ணி, ஆகஸ்ட் இரண்டாம் வாரம் நாற்று விட்டாள். எண்ணச் சொல்லிக்கொடுத்தது நான். ஆனால் மார்ச் 28-ல் தொடங்கும் பத்தாம் வகுப்புத் தேர்விலிருந்தும் அதே போல எண்ணி, எந்த வாரம் எந்தப் பாடம் என்று சுவரில் ஒட்டியது அவளாகச் செய்தது. முன்பு "கணக்கில் 90" என்று மட்டும் எழுதி வைத்திருப்பாள். அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டாள்.

ஐப்பசியில், "வடிகாலைப் பார்த்தாயா?" என்று ஒரு முறை கேட்டேன். "பார்க்கிறேன் அப்பாயி" என்றாள். மறுபடி கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். நவம்பர் கடைசி மழையில் வயல் மூழ்கியது. ஆகாயத்தாமரை அடைத்த வடிகாலில் தண்ணீர் நகரவே இல்லை. முழங்கால் சேற்றில் நின்று அவளே மண்வெட்டியால் வெட்டினாள், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். நான்கு நாள் தண்ணீர் நின்றதில் பள்ளத்துப் பயிர் அழுகிவிட்டது. அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். "மழையால் இல்லை. ஆள் வைத்தால் 600 ரூபாய் ஆகும் என்று வடிகாலைத் தள்ளிப்போட்டேன்" என்று எழுதியிருந்தாள். தம்பி, எனக்கு இந்த 64 வயதில் இப்படி எழுத வருமா என்று தெரியவில்லை.

ஐந்து குவிண்டால் காண வேண்டிய இடத்தில் மூன்றுதான் கண்டது. கொள்முதல் நிலையத்தில் குவிண்டால் 2,405 வீதம் 7,215 ரூபாய். செலவு ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. மீதியை எனக்குத் தர வேண்டிய கடன் என்று எழுதி வைத்திருக்கிறாள். போகட்டும் என்று சொல்ல மனம் இளகியது, சொல்லவில்லை. நீயும் பணம் அனுப்பிவிடாதே.

அவளுக்கு வேளாண்மை படிக்க ஆசை. அதற்கு நீட் இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் கொடுக்கிறார்கள், ஈச்சங்கோட்டையிலேயே கல்லூரி இருக்கிறது என்றெல்லாம் அவளே விசாரித்திருக்கிறாள். அதற்காக உயிரியல் பிரிவைத்தான் எடுப்பாளாம். நீ சொன்ன அதே பிரிவுதான். ஆனால் நீ எடுத்துக் கொடுத்தால், மார்க் குறைகிற அன்று உன் மேல் கோபப்படுவாள். அவளே எடுத்தால் நோட்டைத் திறந்து, எதைத் தள்ளிப்போட்டோம் என்று தேடுவாள். இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று அவளைக் கேள். செலவைக் கேள். உனக்குள் இருக்கும் பயத்தையும் மறைக்காமல் சொல். அதன்பின் அவள் பேசும்வரை பொறுத்திரு. இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் போனை முதலில் அவளிடம்தான் கொடுப்பேன்.

அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஈரம் காய்வதற்குள் உளுந்து தெளித்தாள். இப்போது இரண்டு இலை விட்டிருக்கிறது. தெளிப்பதற்கு முதல் நாளே ஆள் வைத்து வடிகாலை வெட்டிவிட்டிருக்கிறாள். நான் கேட்கவே இல்லை.

அன்புடன்,
அம்மா