போனஸ் பூஜ்யம்

கோவில்பட்டி,
ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கிணற்று மோட்டார் மறுபடியும் புகைந்து, காயில் கம்பி புதிதாகக் கட்டி வாங்கியாயிற்று. பெரியத்தை வீட்டு விஷயம் நீ நினைத்தபடியேதான் முடிந்தது. மற்றதை அம்மா போனில் சொல்லுவாள்.

உன் கார் இன்ஷூரன்ஸ் பாலிசி 18ஆம் தேதி முடிகிறது. எடுக்கும்போது என் நம்பரைக் கொடுத்திருந்ததால் மெசேஜ் எனக்குத்தான் வந்தது. போன வருஷம் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடியாக இருந்த நோ க்ளெய்ம் போனஸ் இப்போது 0 என்று இருக்கிறது. கம்ப்யூட்டர் தப்பு என்று நினைத்து நம் ஏஜென்ட் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். "தப்பு இல்ல சார், செப்டம்பர்ல ஒரு க்ளெய்ம் ஆகியிருக்கு. சிக்னல்ல நின்ன வண்டிய பின்னால வந்த வேன் இடிச்சிருக்கு. பாப்பா மேல தப்பே கிடையாது" என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அவரோடு சண்டை. தப்பே இல்லை என்றால் போனஸை எதற்குப் பிடுங்க வேண்டும்? அவர் பொறுமையாகச் சொன்னார். அதன் பெயரே நோ க்ளெய்ம் போனஸ். நன்றாக ஓட்டியதற்குக் கொடுப்பது இல்லை. நம் பாலிசியில் ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் வாங்கினாயா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. இடித்தது யார், நின்றது யார் என்று யாரும் பார்ப்பதில்லை. முதல் வருஷம் க்ளெய்ம் இல்லை என்றால் 20, அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50. பரமபதத்தில் அத்தனை கட்டம் ஏறி, ஒரு பாம்பு. அந்தப் பாம்பும் உன்னுடையது இல்லை.

ஐந்து வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டி 50 வாங்கினாய் என்று நான் சொல்லாத ஆள் இந்தத் தெருவில் இல்லை. சின்னத்தான் மூன்று கார் மாற்றியும் 25ஐத் தாண்டவில்லை. நீ உன் சம்பளத்தில் வாங்கி, உன் சம்பளத்திலேயே தவணை அடைத்து, சோழிங்கநல்லூர் நெரிசலில் தினமும் ஓட்டுகிறாய். அப்படி ஓட்டத் தெரிந்தவளுக்கு வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

நேற்று ராத்திரி பழைய டைரியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்தவர் சேதத்துக்கான தேர்டு பார்ட்டிக்கு நீ கட்டிய 3,416 ரூபாய்க்கும் போனஸுக்கும் சம்பந்தம் இல்லை. அது அரசாங்கம் வைக்கிற விலை. போனஸ் ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தான். அது முழுசாக 8,000 என்று வை. போன வருஷம் 4,000 கட்டினாய், இந்த வருஷம் 8,000. ஜிஎஸ்டி 18 சதவீதத்தோடு 4,720 கூடுதல். இதோடு முடியவில்லை. அடுத்த வருஷம் 50க்குப் பதில் 20, அதற்கடுத்து 25, இப்படியே மறுபடி 50ஐத் தொடுவதற்குள் மொத்தம் 10,000 ரூபாய் போல, ஜிஎஸ்டி தனி. வண்டிக்கு வயசாக ஆக பிரீமியம் இறங்கும், அதனால் கொஞ்சம் குறையலாம்.

க்ளெய்மில் மட்டும் என்ன முழுசாகவா கிடைக்கும்? முதல் 1,000 ரூபாய் நம்முடையது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் இல்லாத பாலிசியில் பாதிதான் தருவார்கள். ஆக, 10,000, 12,000 ரூபாய் வேலை என்றால் கைக்காசைப் போட்டுச் செய்வதுதான் லாபம். இது உனக்குத் தெரியாதா? பத்தாம் வகுப்பில் எனக்கே வட்டிக் கணக்கு திருத்தியவள் நீ.

அதுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ கணக்குப் பார்க்காமல் க்ளெய்ம் போடுகிறவள் இல்லை. போட்டிருக்கிறாய் என்றால் அது பம்பரோடு நின்ற இடி இல்லை. டிக்கி உள்ளே போயிருக்க வேண்டும். எவ்வளவு உள்ளே என்று அண்ணாச்சியிடம் நான் கேட்கவில்லை.

தீபாவளிக்கு பஸ்ஸில் வந்தாய். கார் சர்வீஸில் இருக்கிறது என்றாய். சித்தி வாசலில் நின்று கூப்பிட்டபோது தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிப் பார்த்தாய். ராத்திரி பஸ்ஸில் தூங்கி வந்த அலுப்பு என்று அம்மா சொன்னாள்.

பின்னாலிருந்து இடி வாங்கினால் கழுத்துக்குத்தான் முதல் அடி. அன்றைக்குத் தெரியாது, மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் தெரியும். சீட்டின் தலைச் சாய்மானத்தைத் தலை உயரத்துக்கு ஏற்றி வை. கழுத்துக்குக் கீழே இருந்தால் அது இருந்தும் பிரயோஜனம் இல்லை. எலும்பு டாக்டரைப் பார்த்தாயா? பார்த்திருந்தால் மருந்துச் சீட்டுகளைப் பத்திரமாக வை. அந்த வேனின் தேர்டு பார்ட்டி பாலிசியில் விபத்துத் தீர்ப்பாயம் வழியாகக் கேட்க வழி இருக்கிறது. அப்படிக் கேட்டால் உன் போனஸைத் தொடமாட்டார்கள். வண்டிச் சேதத்துக்கும் 7.5 லட்சம் வரை உண்டு. ஆனால் போலீஸ், எஃப்ஐஆர், வாய்தா என்று அலைய வேண்டும். இரண்டு நாளில் வண்டி வேண்டும் என்கிறவர்கள் சொந்தப் பாலிசியில்தான் போடுவார்கள். நீயும் அப்படித்தான் செய்திருப்பாய். தப்பு என்று சொல்லவில்லை. வேன் நம்பரை மட்டும் எழுதி வைத்திருக்கிறாயா?

வேறு கம்பெனிக்கு மாறினால் பழைய 50ஐயே காட்டலாம் என்று ஆபீசில் யாராவது சொல்வார்கள். கேட்காதே. பழைய கம்பெனியிடம் விசாரிப்பார்கள். பொய் என்று தெரிந்தால் நாளைக்குப் பெரிய க்ளெய்ம் வரும்போது கையை விரித்துவிடுவார்கள். போனஸைக் காப்பாற்ற என்றே பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கிற ஒரு ஆட்-ஆன் இருக்கிறதாம், கொஞ்சம் ஏறின பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இந்தத் தடவை ஜீரோ டெப் கட்டாயம் போடு. 18ஆம் தேதியைத் தாண்டவிடாதே. பாலிசி இல்லாமல் பிடித்தால் முதல் தடவைக்கே 2,000 அபராதம். அதைவிட, ஒரு நாள் விட்டுப்போனாலும் வண்டியைப் பார்த்துப் படம் எடுத்த பிறகுதான் மறுபடி போடுவார்கள். தலைச் சாய்மானத்தை இன்றைக்கே ஏற்றி வை.

பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே, உன் போனஸ் போனதில் எனக்கும் பங்கு வேண்டும். லிங்க்கை அனுப்பியிருக்கிறேன், நீயே கட்டு. பாலிசியில் நம்பரை மாற்றுவதானால் மாற்றிக்கொள். மாற்றாமல் விட்டாலும் சரி.

அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீ போன் செய்யும்போது ஸ்பீக்கரில் போடுவாள். பிரீமியம் ஏறிவிட்டது என்று மட்டும் பேசு. டாக்டர் சொன்னதை எனக்குத் தனியாக மெசேஜில் எழுது.

இப்படிக்கு,
அப்பா