கட்டுகளைத் திருப்பிக் கொடுத்த வருஷம்

அன்புள்ள பாப்பா,

போன மாதம் போனில் நீ சொன்னதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். "அம்மா ஊருக்கெல்லாம் ஆஜரானாங்க, எனக்கு மட்டும் வாய்தா" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் நான் எழுந்திருக்கவில்லை. உங்கம்மா கேட்டிருந்தால் வார்த்தைப் பொருத்தத்துக்கு முதலில் ஒரு சபாஷ் போட்டுவிட்டு, அப்புறம்தான் முகம் வாடியிருப்பாள்.

எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அவள் போனபோது முன்னறையில் 63 வழக்குக் கட்டுகள் இருந்தன. சின்ன வயதில் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்து நீ திட்டு வாங்கியிருக்கிறாய். வக்கீல் இறந்துவிட்டால் அவர் பேரில் இருந்த வக்காலத்தும் அதோடு முடிந்தது. கட்சிக்காரர் வேறு வக்கீலைப் பார்க்க வேண்டும், அந்த வக்கீலுக்குக் கட்டு வேண்டும். எதற்கு எப்போது வாய்தா என்று ஜூனியர் பெண்ணும் குமாஸ்தாவும் பட்டியல் போட்டார்கள். ஆளைக் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கி, கட்டைக் கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்பதுதான் காரணம், வேறு பெரிய எண்ணம் ஒன்றுமில்லை.

கொடுக்கும் முன்னால் ஒவ்வொன்றையும் பிரித்துத் தாள் எண்ணுவேன். வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவன், எண்ணாமல் கொடுக்க மனசு வராது. அப்படித்தான் பார்த்தேன், கட்டின் மேலே வைக்கும் டாக்கெட் தாளின் பின்பக்கமெல்லாம் பென்சிலில் ஸ்வரம். ஒரு சொத்து வழக்கில் சாட்சி சொன்னதைக் குறித்துக்கொண்டே வந்தவள், நடுவில் தோடி ராகத்துக்கு ஒரு வரி எழுதிப் பார்த்திருக்கிறாள். காந்தார ஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரு வளைவு, "இன்னும் ஆடணும்" என்று ஒரு குறிப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டி முழக்கிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும்.

அவளுக்கு இது இரண்டும் ஒரே வேலைதான். குறுக்கு விசாரணை எப்படிச் செய்வது என்று கேட்ட ஜூனியரிடம், "ஆலாபனை மாதிரி செய். எடுத்த எடுப்பில் மேல் ஷட்ஜத்துக்குப் போகாதே. அங்கே போய் நின்றுவிட்டால் அப்புறம் இறங்க மட்டும்தான் முடியும்" என்றாளாம். முக்கியமான பத்திரத்தைச் சாட்சியிடம் கடைசியில்தான் காட்டுவாளாம். மக்கள் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தால் அன்றைக்கு வீட்டில் பாட்டுச் சத்தம் தூக்கலாக இருக்கும். அங்கே சமாதானமாகி உத்தரவு வந்தால் மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பி வரும். "இரண்டு பேரும் ஒரு சுருதிக்கு வந்துட்டாங்க" என்பாள். சில சமயம் இந்த ஒப்பீட்டையெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே இழுப்பாள், அது வேறு விஷயம்.

ஒரு கட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் தடிமன் அதுதான். இரண்டு அண்ணன்களோடு பிறந்த ஒரு பெண்மணி போட்ட பாகப்பிரிவினை வழக்கு. 1985இல் கல்யாணம் ஆனவர். அவருடைய அம்மா முன்பே இல்லை, அப்பா 2001இல் உயில் எழுதாமல் போய்விட்டார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று நம் மாநிலத்தில் 1989இல் சட்டம் வந்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது இல்லை. ஆக, பழைய கணக்குப்படி அப்பாவுக்கும் பையன்களுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. அந்த அப்பாவின் பங்கில்தான் மகளுக்கு மூன்றில் ஒன்று. மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. 2005 செப்டம்பர் 9ஆம் தேதி மத்திய அரசின் திருத்தம் அமலுக்கு வந்ததும் கல்யாணமான மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்றானது. ஒன்பதில் ஒன்று, மூன்றில் ஒன்றாகிறது. அடுத்த வருஷமே உங்கம்மா அவருக்காக வழக்குப் போட்டாள்.

2015இல், அந்தச் செப்டம்பர் தேதியில் அப்பாவும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு மறுபடியும் ஒன்பதில் ஒன்றுக்கு இறங்கியது. அன்று ராத்திரி அவள் தம்புராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பாடாமலே மீட்டிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. காரணம் அன்று எனக்குத் தெரியாது. 2020 ஆகஸ்ட் 11ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு சரியில்லை என்றது. உரிமை பிறப்பால் வருவது, அப்பா எப்போது இறந்தார் என்பது பொருட்டில்லை.

கட்டை வாங்க அந்தப் பெண்மணி வந்தார். முதல்நிலைத் தீர்ப்பு கிடைத்தாயிற்று, கோர்ட் நியமிக்கும் கமிஷனர் வந்து சொத்தை அளந்து பிரிப்பதுதான் பாக்கி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "பதினாலு வருஷத்துல ஒரு தடவைகூட ஜெயிச்சுடுவோம்னு அம்மா சொன்னதில்லைங்க. அடுத்த வாய்தா எப்பன்னு மட்டும் சொல்வாங்க. அந்தத் தேதிக்கு எனக்கு முன்னாடி வந்து நிப்பாங்க" என்றார். கட்டைத் தலையில் வைத்துக்கொள்ளப் போனவர், சட்டென்று இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகள் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சத்தத்தில்தான் நீ பத்தாம் வகுப்புக்குப் படித்தாய். ஏழு மணிக்குப் பாட்டுக்குப் பிள்ளைகள், பத்து மணிக்கு வழக்குக் காகிதங்களோடு பெரியவர்கள். பத்து மணிக்காரர்கள் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள், கூடவே அவர்கள் வீட்டுக் குழந்தைகளும். நாலு வாரத்தில் அந்தக் குழந்தைகளும் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை பாடும், மூன்று வேகத்திலும். பெண்கள் யார் வந்தாலும் முதலில், "இலவச சட்ட உதவிக்கு உங்களுக்கு வருமானச் சான்று கேட்க மாட்டாங்க, பொம்பளைங்கிறதே போதும்" என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவாள். 1987ஆம் வருஷச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பதை இந்த வயதில் நானே படித்துப் பார்த்தேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

நீ சொன்னது சரிதான். இதில் நானும் உன் கட்சி. உனக்கு அம்மை போட்டிருந்தபோது அவள் ஒரு தடை உத்தரவுக்காகக் கோர்ட் வாசலில் நின்றாள், வேப்பிலையோடு நான் உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலம் அவளிடம் நான் பேசிய வார்த்தைகளை இப்போது எழுதக் கை வரவில்லை. அவளும் பதில் பேசவில்லை. கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாலாட்டு ராகமான நீலாம்பரியை வாய்க்குள்ளேயே பாடினாள். நீ தூங்கிய பிறகும் நிறுத்தவில்லை. எனக்குக் கோபம் போக ஒரு வாரம் ஆனது. முழுக்கப் போயிற்று என்றும் சொல்ல மாட்டேன்.

ஒன்றைத் தவிரக் கட்டுகள் எல்லாம் போன பிறகு கீழ்த்தட்டில் அவளுடைய வழக்கு டைரிகள் மிச்சமிருந்தன. நீ பிறந்ததிலிருந்து வெளிநாடு போன வரைக்கும் 21 டைரி. உன் பிறந்த நாள் பக்கத்தைத் தேடிப் பார்க்கத் தோன்றியது. எல்லாவற்றிலும் அந்தத் தேதியில் பென்சிலில் ஒரே குறிப்பு: "பாப்பா. கேஸ் வேண்டாம்." ஞாயிற்றுக்கிழமையாக வந்த மூன்று வருஷத்தைத் தள்ளிவிட்டால் மிச்சம் 18. அதில் 7 பக்கம் அப்படியே சுத்தமாக இருக்கிறது. 11 பக்கத்தில் மேலேயே மையால் வழக்கு எண் எழுதியிருக்கிறாள், பென்சிலை அழிக்காமல். ஒன்றில் ஓரமாக, "வாய்தா கேட்டேன், தரவில்லை" என்று இருக்கிறது. மற்ற பத்தில் கேட்டாளா என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை.

பதினெட்டில் ஏழு. கணக்கு இதுதான், கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. இதை வைத்து நீ மனசை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கவும் இல்லை. அவள் உனக்கென்று ஒதுக்கிய நாளும், அதை யாருக்குக் கொடுத்தாள் என்பதும் ஒரே பக்கத்தில் இருப்பதால், நீ பார்க்க வேண்டும் என்று பட்டது.

அப்புறம், தம்புராவை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாய். அது மட்டும் இப்போது முடியாது. அம்மாவிடம் படித்த பெண்களில் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். சுருதி சேர்ப்பது என் வேலை. நாலு தந்தியும் சேர்ந்த பிறகும் முதலில் மொட்டையாகத்தான் கேட்டது. தந்தியைத் தாங்கும் குதிரைக் கட்டைமேல், தந்திக்கு அடியில் ஜீவா என்று ஒரு நூல் போடுவாள் இல்லையா, அதை நான் தொலைத்திருந்தேன். அந்தப் பெண்தான் துணியிலிருந்து ஓர் இழையை உருவி வைத்து, நகத்தால் இம்மி இம்மியாக நகர்த்தினாள். ஓரிடத்தில் தந்தி திடீரென்று வாய் திறந்த மாதிரி கார்வை கொடுத்தது. இப்போது நானே வைக்கிறேன். பஞ்சமத் தந்திக்கு மட்டும் இன்னும் இரண்டு மூன்று தடவை தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டைரிகளைத் தபாலில் அனுப்பட்டுமா, இல்லை நீ வரும்போது பார்த்துக்கொள்கிறாயா? எழுது. ஒரு கட்டு இன்னும் பாக்கி இருக்கிறது, அந்த ஆளின் பழைய போன் நம்பர் எடுக்கவில்லை. நாளை குமாஸ்தாவோடு போய் விசாரிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா